கன்றுத்தோலைத் தேடும் பாலியெஸ்டர்: ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் நடந்த ஒப்பீடு

1940களின் நடன இசைக்குழு ஒன்றின் ஓசை தன் படத்துக்கு வேண்டும் என்று ஓர் இசையமைப்பாளர் கேட்டதில் இந்த வேலை தொடங்கியது. கிளாரினெட், பியானோ, டபுள் பேஸ், அவற்றுக்குக் கீழே பெரும்பாலும் பிரஷ்ஷால் (கம்பி இழைகளாலான துடைப்பம் போன்ற குச்சி) வாசிக்கப்படும் டிரம்ஸ் என்பது ஏற்பாடு. கருவிகளில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஸ்நேர், அதாவது கீழ்ப்பக்கத்தில் கம்பிகள் படபடக்கும் சிறிய டிரம், 14 அங்குல மர உடல் கொண்ட பழையது. பேஸ் டிரம் 24 அங்குலம், அதுவும் பழையது. ஆனால் இரண்டின் மேலும் இன்று எங்கும் கிடைக்கும் வெள்ளைப் பூச்சுள்ள பிளாஸ்டிக் ஹெட் (டிரம்மின் வாயில் இழுத்துக் கட்டும், அடி வாங்கும் தலை) இருந்தது. முதல் நாள் பதிவைக் கேட்டபோது மற்ற கருவிகள் எல்லாம் கதையின் காலத்தில் இருந்தன. ஸ்நேர் மட்டும் நேற்று வாங்கியது போல் ஒலித்தது.

மைக்கை மாற்றுவது, தூரத்தை மாற்றுவது, பதிவுக்குப் பின் மேல் அலைவரிசைகளைக் குறைப்பது என்று ஒலிப்பதிவாளர் செய்யக்கூடியவை எல்லாம் செய்தார். ஓசை மங்கியதே தவிரப் பழையதாகவில்லை. ஹெட்டைத்தான் மாற்ற வேண்டும் என்பது அப்போது தெளிவாயிற்று. எதற்கு மாற்றுவது என்பதுதான் கேள்வி. அந்தக் காலத்து டிரம்களில் இருந்த உண்மையான கன்றுத்தோலுக்கா, அல்லது கன்றுத்தோல் போல ஒலிப்பதற்கென்றே செய்யப்படும் செயற்கை ஹெட்டுகளில் ஒன்றுக்கா? பின்னதை எடுத்தால் அது எதில் கன்றுத்தோலை ஒத்திருக்கிறது, எதில் ஒத்திருக்கவில்லை? டிரம்ஸைச் சுருதி கூட்டிச் சீர்செய்து தருகிற ஆளாக நான் அந்தக் கூடத்தில் இருந்ததால் ஒப்பீட்டுப் பொறுப்பு என்னிடம் வந்தது.

தோலும் ஃபிலிமும்

கன்றுத்தோல் டிரம்ஸிலிருந்து இறங்கியது நல்ல ஓசை இல்லாததால் அல்ல, அது வானிலைக்குக் கட்டுப்பட்டதால். டுபாண்ட் நிறுவனம் 1950களின் தொடக்கத்தில் மைலார் என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்த பாலியெஸ்டர் ஃபிலிம் ஈரத்தை அநேகமாக உறிஞ்சுவதில்லை. இழுத்தால் எளிதில் கிழிவதும் இல்லை. அதை டிரம்மின் மேல் கட்டிப் பார்த்தவர்களில் இரண்டு பெயர்கள் நிலைத்தன. ஒருவர் 1956இல் அதைச் செய்த சிக் எவன்ஸ். மற்றவர், 1957இல் லாஸ் ஏஞ்சலிஸில் தன் பெயரிலேயே நிறுவனம் தொடங்கிய டிரம்மர் ரெமோ பெல்லி. படலத்தை வளையத்தில் எப்படிப் பிடித்து நிறுத்துவது என்பதே அப்போதைய பெரிய தடை. தோலை ஈரத்தில் வளையத்தைச் சுற்றி மடித்துச் செருகினால் காய்ந்தவுடன் அது தானே இறுகிக்கொள்ளும். ஃபிலிம் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். அலுமினிய வளையத்தின் பள்ளத்தில் ஃபிலிமின் விளிம்பைச் செருகி, மேலே ரெசின் ஊற்றி இறுக வைத்ததும் அந்தத் தடை நீங்கியது. அதன்பின் சில ஆண்டுகளிலேயே அமெரிக்க டிரம்ஸ் கடைகளில் கன்றுத்தோல் ஓர் ஓரத்துக்குப் போனது.

எல்லோரும் விட்டுவிடவில்லை. ஜாஸ் பெரிய இசைக்குழுக்களில் வாசித்து 1990இல் மறைந்த மெல் லூயிஸ், பிளாஸ்டிக் எங்கும் பரவிய பிறகும் கன்றுத்தோலை விடாதவர் என்று அறியப்பட்டவர். வியன்னா ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவின் டிம்பனிகளில் (பெரிய கிண்ண வடிவ டிரம்கள்) இன்றும் ஆட்டுத்தோல்தான் இருக்கிறது. செலவும் தொல்லையும் தெரிந்தே இவர்கள் தோலுடன் இருந்தார்கள் என்பதிலிருந்து, ஃபிலிம் வந்தபோது ஏதோ ஒன்று கைவிட்டுப் போனது என்பது புரிகிறது. ஃபிலிம் செய்த நிறுவனங்களுக்கும் அது புரிந்திருக்க வேண்டும். 1970களில் ரெமோ நிறுவனம் பாலியெஸ்டர் இழைத் துணியை ஃபிலிமின் மேல் ஒட்டி ஃபைபர்ஸ்கின் என்ற ஹெட்டைக் கொண்டுவந்தது. பின்னால் துணி எதுவும் ஒட்டாமல் ஃபிலிமின் மேற்பரப்பை மட்டும் பதப்படுத்திய ரெனைசான்ஸ் வந்தது. இழை ஒட்டிய வகையிலேயே இன்னும் மெல்லிய ஸ்கின்டோன் வந்தது. எவன்ஸ் தன் பங்குக்கு 1956ஐப் பெயரிலேயே தாங்கிய கால்ஃப்டோன் வரிசையை இறக்கியது. முதலில் தோலை விரட்டிய இரண்டு நிறுவனங்களும் பிறகு தோலைத் தேடித் திரும்பி வந்தன என்பதில் ஒரு வேடிக்கை இருக்கிறது.

காது கேட்கும் வேறுபாடு எங்கே பிறக்கிறது

சீரான ஒரு வட்டப் படலத்தைத் தட்டினால் அது ஒரே முறையில் அதிர்வதில்லை. அடிப்படை அதிர்வை 1 என்று கொண்டால் அடுத்தடுத்த அதிர்வுகள், அதாவது மேற்சுரங்கள், 1.59, 2.14, 2.30 என்ற விகிதங்களில் வருகின்றன. இவை முழு எண்களின் வரிசையில் அமையாததால் காது அவற்றை ஒரு சுரமாகக் கூட்டிக்கொள்வதில்லை. மிருதங்கத்தின் வலந்தலையில் (வலப்பக்கத் தலை) நடுவே கரணை என்ற கருப்புப் பசை வட்டம் இடுவதால் இந்த மேற்சுரங்கள் முழு எண் விகிதத்துக்கு இழுத்து வரப்படுகின்றன என்பதை சர் சி. வி. ராமன் 1920இலேயே எழுதிக் காட்டியிருக்கிறார். ஸ்நேரில் கரணை இல்லை. அதன் மேற்சுரங்கள் எங்கே விழுகின்றனவோ அங்கேயே கிடக்கின்றன.

கன்றுத்தோலாக இருந்தாலும் ஃபிலிமாக இருந்தாலும் இந்த விகிதங்கள் பெரிதாக மாறுவதில்லை. மாறுவது ஒவ்வொரு மேற்சுரமும் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதுதான். தோல் என்பது கொலாஜன் இழைகள் ஒன்றோடொன்று பின்னிய வலை. அது அதிரும்போது இழைகள் ஒன்றன்மேல் ஒன்று உராய்ந்து ஆற்றலை வெப்பமாக உள்ளேயே விழுங்கிவிடுகின்றன. அதிர்வெண் கூடக்கூட அந்த விழுங்கலும் கூடுகிறது. அதனால் அடித்த கணத்தில் எல்லா மேற்சுரங்களும் எழுந்தாலும் மேலே உள்ளவை உடனே மறைந்து, கீழே உள்ள ஓசை மட்டும் சிறிது நேரம் நிற்கும். பாலியெஸ்டர் ஃபிலிமில் உள்ளிழப்பு மிகக் குறைவு. எல்லாம் எழும், எல்லாம் நிற்கும், அந்த நீண்ட கார்வையைத்தான் டிரம்மர்கள் ‘ரிங்’ என்று சொல்லிக் குறைப்படுகிறார்கள். பதிவுக்குப் பின் மேல் அலைவரிசையைக் குறைத்தது ஏன் பயன்படவில்லை என்பதற்கும் இதுவே விடை. கன்றுத்தோலைத் தட்டும்போது மேல் ஓசை எழாமல் இல்லை. ஆரம்பத்தில் நன்றாகவே இருக்கிறது. அது சீக்கிரம் போய்விடுகிறது, அவ்வளவுதான். ஒலிப்பதிவாளர் வடிகட்டியபோது ஆரம்பமும் சேர்ந்து போனது.

இழைத் துணியை ஒட்டும் உத்தி இந்த இடத்தைத்தான் குறிவைக்கிறது. துணியின் இழைகளும் ஒட்டும் பசையும் சேர்ந்து ஃபிலிமுக்கு இல்லாத உள்ளிழப்பைத் தருகின்றன. ஆனால் எடையும் கூடுகிறது. வழக்கமான ஒற்றை ஃபிலிம் ஹெட் கால் மில்லிமீட்டர் தடிமன். சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 350 கிராம். அதன் மேல் எது ஒட்டினாலும் அந்த எடையையும் அதிரச் செய்ய வேண்டும். சுருதி இழுவிசையின் வர்க்கமூலத்துக்கு நேராகவும் எடையின் வர்க்கமூலத்துக்குத் தலைகீழாகவும் நடப்பதால், எடை கால்பங்கு கூடினால் அதே இறுக்கத்தில் சுருதி ஏறக்குறைய இரண்டு அரைச்சுரம் இறங்கிவிடும். பழைய சுருதிக்கு ஏற்ற வேண்டுமென்றால் இழுவிசையைக் கால்பங்கு கூட்ட வேண்டும், கூட்டினால் குச்சி துள்ளித் திரும்பும் விதம் மாறும். ஓசைக்காகச் செய்த ஒரு மாற்றம் கைக்கு வேறு கணக்கில் வந்து சேர்கிறது. செயற்கைக் கன்றுத்தோலைப் பற்றிய முரண்பட்ட கருத்துகளில் பாதி, இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால் வருபவை என்பது என் எண்ணம்.

கட்டிய விதம்

ஒப்பிடுவதற்கு நான்கு வகை எடுத்துக்கொண்டோம். ஏற்கெனவே இருந்த பூச்சுள்ள ஒற்றை ஃபிலிம். இழைத் துணி ஒட்டிய நடுத்தர எடை ஹெட். அதே வகையில் மெல்லியது. நான்காவது உண்மையான கன்றுத்தோல். கடைசியானதைத் தவிர மற்றவற்றைக் கட்டுவதில் சொல்ல ஒன்றும் இல்லை. வளையத்தை மேலே வைத்து, எதிரெதிர் லக்குகளாக (வளையத்தை இறுக்கும் திருகுகளின் பிடிகள்) கீ என்ற திருகுசாவியால் திருகி, ஒவ்வொரு லக்கின் அருகிலும் விரல் நுனியால் தட்டிச் சமன் பார்த்தால் முடிந்தது.

கன்றுத்தோல் அப்படி இல்லை. விறைத்த, சற்றே மஞ்சள் பாய்ந்த தட்டாக அது வந்தது. விளக்கின் முன் பிடித்தால் முதுகெலும்பு ஓடிய இடம் ஒரு மங்கலான பட்டையாகத் தெரியும். குளிர்ந்த நீரில் ஊறவைத்தபோது அது துணி போல் குழைந்தது. மெல்லிய தோல் வாடை எழுந்தது. மர வளையத்தின் மேல் விரித்து, மிஞ்சிய விளிம்பை வளையத்தைச் சுற்றி உள்பக்கமாகக் கொண்டுவந்து, தேக்கரண்டியின் காம்பால் கொஞ்சம் கொஞ்சமாகச் செருக வேண்டும். ஒரு பக்கம் செருகியதும் எதிர்ப்பக்கம். இல்லையென்றால் ஒருபுறம் இழுத்துக்கொண்டு போகும். ஈரமாகவே டிரம்மின் மேல் ஏற்றி, மேல் வளையத்தை ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் கீழே இறக்கி நிறுத்தி, மின்விசிறிக் காற்று படாத நிழலில் காயவிட்டோம். அவசரப்பட்டுக் காற்றில் வைத்தால் விளிம்பு முதலில் காய்ந்து நடுப்பகுதி அலையலையாக நின்றுவிடும். காயும்போது தோல் தானே இறுகுகிறது. அப்போது முன்கூட்டி இறக்கி வைத்த அந்த ஒரு சென்டிமீட்டர்தான் பின்னால் சுருதியைக் கூட்டவும் குறைக்கவும் இடம் தருகிறது.

டிரம்மின் விளிம்பைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். தோல் காலத்து டிரம்களில் ஹெட் உட்காரும் மர விளிம்பு உருண்டையாக இருக்கும். பிளாஸ்டிக் வந்தபின் அது கூராகச் செதுக்கப்பட்டது. உருண்டையான விளிம்பில் ஹெட் அதிகப் பரப்பில் மரத்தைத் தொடுவதால் மேற்சுரங்கள் அங்கேயே ஓரளவு அடங்கும். எங்களிடம் இருந்தது உருண்டை விளிம்பு. இது செயற்கை ஹெட்டுகளுக்குச் சாதகமான நிலை. கூர் விளிம்புள்ள புதிய டிரம்மில் இதே முடிவுகள் வந்திருக்கும் என்று சொல்லமாட்டேன். பழைய டிரம்களில் இன்னொரு தொல்லை, சிலவற்றின் உடல் இன்றைய அளவைவிடச் சற்றுப் பருத்திருப்பது. அவற்றுக்காகவே அக்வேரியன் நிறுவனம் சற்றுப் பெரிய அளவில் ஹெட் செய்கிறது. எங்கள் ஸ்நேரில் அந்தத் தேவை வரவில்லை.

கேட்டதும் தொட்டதும்

நான்கு ஹெட்டுகளையும் ஒரே சுருதிக்குக் கூட்டி, ஒரே டிரம்மர், ஒரே மைக், ஒரே இடம் என்று வைத்துப் பதிவு செய்தோம். தனித்தனி அடிகள், மெல்லிய உருட்டு, பிரஷ்ஷால் தேய்த்து வாசிக்கும் மெதுவான தாளம், வளையத்தையும் ஹெட்டையும் ஒரே அடியில் தட்டும் ரிம்ஷாட் என்று ஒவ்வொன்றிலும் ஒரே வரிசை. ஒலியளவைச் சமப்படுத்தி, எது எது என்று சொல்லாமல் வரிசையைக் கலைத்துப் போட்டுக் கேட்டவர்கள் ஒலிப்பதிவாளர், டிரம்மர், அடுத்த அறையில் வேறொரு பாடலுக்காக வந்து காத்திருந்த மூத்த மிருதங்கக் கலைஞர் ஆகியோர். இது ஆய்வுக்கூடச் சோதனை அல்ல. ஆனாலும் ஒரு பாடலுக்கு எந்த ஹெட் என்று முடிவெடுக்கப் போதுமான ஒழுங்குடன் நடந்தது.

தனி அடியில் பூச்சுள்ள ஃபிலிமை மூவரும் உடனே ஒதுக்கினார்கள். அது ‘டங்’ என்று எழுந்து, அடிப்படை ஓசை அடங்கிய பின்னும் மேலே ஒரு கம்பியோசை தொங்கிக்கொண்டிருந்தது. மற்ற மூன்றில் மிருதங்கக் கலைஞர் உண்மையான தோலைச் சரியாகச் சொன்னார். காரணம் கேட்ட டிரம்மரிடம் அவர், “தம்பி, அது அடிச்ச உடனே அடங்கிடுது. மத்த ரெண்டும் அடங்கலாமா வேண்டாமான்னு கொஞ்சம் யோசிக்குது” என்றார். பதிவின் அலை வடிவத்தைத் திரையில் பார்த்தபோது அவர் சொன்னது அப்படியே தெரிந்தது. செயற்கை ஹெட்டுகளில் முதல் வீழ்ச்சி தோலைப் போலவே செங்குத்தாக இருந்தது. அதன்பின் ஒரு மெல்லிய வால் மிஞ்சியது. தோலில் அந்த வால் இல்லை.

பிரஷ்ஷுக்கு வந்ததும் நிலைமை மாறியது. பிரஷ் வாசிப்பில் ஹெட்டின் மேற்பரப்பே ஒலிக்கும் பொருள். கம்பி இழைகள் எந்தச் சொரசொரப்பில் உரசுகின்றன என்பதுதான் அங்கே ஓசை. வழக்கமான வெள்ளைப் பூச்சு மணல்தாள் போலச் சீரான, கொஞ்சம் வறண்ட உரசலைத் தருகிறது. கன்றுத்தோலின் உரசல் அதைவிடத் தாழ்ந்தது, ஈரப்பசை உள்ளது. இழை ஒட்டிய மெல்லிய ஹெட்டில் துணியின் இழைகள் ஒழுங்கில்லாமல் கிடப்பதால் உரசல் ஒரே சீராக இல்லாமல் இடத்துக்கு இடம் சற்றே மாறியது, அது தோலை மிகவும் நெருங்கி வந்தது. ஒலிப்பதிவாளர் அதையே உண்மையான தோல் என்று அடித்துச் சொன்னார். தனி அடியில் சரியாகக் கண்டுபிடித்த மிருதங்கக் கலைஞரும் இங்கே பிரித்துச் சொல்ல முடியாமல் விட்டுவிட்டார். ரிம்ஷாட்டிலோ நான்குக்கும் இடையிலான வேறுபாடு மிகச் சுருங்கிப்போனது. அங்கே வளையமும் மர உடலும் பேசுகின்றன, ஹெட் கூடவே போகிறது. பலமாக வாசிக்கும் ராக் இசைக்காரர் ஒருவர் செயற்கைக் கன்றுத்தோலுக்குச் செலவிடுவதில் பெரிய பொருள் இல்லை என்று இதிலிருந்து தோன்றுகிறது.

கேட்கும் இடத்தில் இருந்து வாசிக்கும் இடத்துக்கு வந்தால் கதை வேறு. டிரம்மர் கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். நான் ஹெட்டுகளை மாற்றி வைத்தேன். கேட்கும்போது தடுமாறிய அவர் குச்சி பட்டவுடன் தோலைச் சொல்லிவிட்டார். தோலில் குச்சி ஒரு கணம் அமிழ்ந்து பிறகு எழுகிறது. ஃபிலிமில் பட்டவுடன் திரும்பி வருகிறது. குச்சியும் ஹெட்டும் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் சில மில்லிவிநாடிகள்தான். ஆனாலும் ஆயிரக்கணக்கான மணிநேரம் வாசித்த கைக்கு அதில் ஏற்படும் சிறு நீட்சி தெரிகிறது. தொடர்பு நேரம் நீளும்போது உயர் அதிர்வெண்கள் கிளம்புவதே குறைகிறது என்பதால் தோலின் மென்மையான தொடக்க ஓசைக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. நடுத்தர எடை இழை ஹெட் ஓசையில் தோலை ஓரளவு ஒத்திருந்தாலும், அதைச் சுருதிக்கு ஏற்றியபோது அதிகம் இறுக்க வேண்டியிருந்ததால் கைக்கு ஃபிலிமைவிடவும் கெட்டியாக இருந்தது. “பலகையில வாசிக்கிற மாதிரி இருக்கு சார்” என்று டிரம்மர் அதை ஸ்நேரிலிருந்து எடுத்துவிடச் சொன்னார். மெல்லியது அந்த அளவுக்குப் போகவில்லை. உருட்டில் மட்டும் இரண்டாவது எழுச்சி தோலைவிட வேகமாக வருகிறது என்றும், அதற்குக் கையை இறுக்காமல் சற்றே விட்டுப் பிடித்தால் பழகிவிடும் என்றும் சொன்னார்.

பேஸ் டிரம்மில் இந்தச் சிக்கல் எழவே இல்லை. மிதியில் இயங்கும் கம்பளி உருண்டை அடிக்கிறது. துள்ளித் திரும்பும் உணர்வு காலுக்குத் தெரிவது மிகக் குறைவு. நடுத்தர எடை இழை ஹெட்டை அங்கே போட்டு, ஹெட்டுக்கும் விளிம்புக்கும் இடையில் கம்பளித் துணிப் பட்டை ஒன்றைக் குறுக்கே வைத்ததும், பதிவில் அது கன்றுத்தோல் இல்லை என்று எங்களில் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இசைக்குழுக்களின் பெரிய பேஸ் டிரம்களில் இந்த வகை பரவலாக இருப்பதன் காரணம் அன்று விளங்கியது.

மலிவான மாற்று ஒன்றையும் விட்டுவிடாமல் பார்த்தோம். பூச்சுள்ள ஃபிலிமின் ஓரத்தில் ஒரு கைக்குட்டையை மடித்துப் போட்டால் கார்வை குறைகிறது. பல மேடைகளில் இப்படித்தான் நடக்கிறது. தனி அடியில் அது மோசமில்லை. ஆனால் துணி கிடக்கும் பக்கம் பிரஷ்ஷைக் கொண்டுபோக முடியாது. மேலும் மென்மையாக வாசிக்கும்போது அது அடிப்படை ஓசையையும் சேர்த்து அமுக்கிவிடுகிறது. தோல் தன் முழுப் பரப்பிலும் செய்கிற வேலையை ஓர் ஓரத்துத் துணி செய்ய முடியாது.

ஏ.சி.யும் கடற்காற்றும்

காதும் கையும் சேர்ந்து சொன்ன முடிவு ஸ்நேருக்கு உண்மையான கன்றுத்தோல் என்பதாக இருந்தது. மெதுவான பாடலை அதில்தான் பதிவு செய்யத் தொடங்கினோம். முதல் டேக் இசையமைப்பாளருக்கு மிகவும் பிடித்திருந்தது. சிக்கல் அடுத்து வந்தது.

சென்னையில் கடலை ஒட்டிய பகுதியில் வெளிக் காற்றின் ஈரப்பதம் காலையில் 80 சதவீதத்தைத் தொட்டு நிற்கும். கூடத்துக்குள் ஏ.சி. ஓடும்போது அது ஏறக்குறைய பாதிக்கு இறங்குகிறது. பதிவின்போது ஏ.சி.யின் இரைச்சல் மைக்கில் விழாமல் இருக்க அதை நிறுத்துவார்கள்; இடைவேளையில் கதவு திறக்கும்; பிறகு மறுபடி ஏ.சி. ஓடும். கொலாஜன் ஈரத்தை உறிஞ்சினால் நீள்கிறது, காய்ந்தால் சுருங்குகிறது. வளையத்தில் கட்டுண்ட தோலுக்கு நீள்வது என்றால் தளர்வது, சுருங்குவது என்றால் இறுகுவது. ஏ.சி. ஓடி முடித்த டேக்கில் ஸ்நேர் மேலே நின்றது. தேநீருக்குப் பின் எடுத்த டேக்கில் கீழே இறங்கியிருந்தது. வாசிக்கும்போது யாருக்கும் தெரியவில்லை. முதல் டேக்கின் முதல் பாதியையும் மூன்றாவது டேக்கின் இரண்டாம் பாதியையும் ஒலிப்பதிவாளர் ஒட்டியபோதுதான் ஒட்டிய இடத்தில் ஸ்நேர் ஒரு படி கீழே விழுவது பளிச்சென்று கேட்டது. டபுள் பேஸும் பியானோவும் இருந்த இடத்தில் இருக்க, டிரம் மட்டும் வேறு அறைக்குப் போய்விட்டது போலிருந்தது.

மிருதங்கக் கலைஞருக்கு இதில் வியப்பே இல்லை. கல்லும் கட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாட்டுக்குப் பாட்டு வலந்தலையைத் தட்டிச் சேர்ப்பது அவருக்கு மூச்சு விடுவது மாதிரி. ஆனால் மிருதங்கத்துக்குச் சேர வேண்டிய சுருதி முன்கூட்டியே தெரியும். தம்பூராவும் எதிரே ஒலிக்கும். ஸ்நேருக்குச் சேர வேண்டிய சுரம் என்று எதுவும் இல்லை. காது ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ள ஒரு பிடிமானம் இல்லாததால்தான் இந்த நகர்வு டேக்குகளை ஒட்டும் வரை மறைந்திருந்தது. பெங்களூருவைச் சேர்ந்த மிருதங்கக் கலைஞரும் பொறியாளருமான கே. வரதரங்கன் செயற்கைப் பொருள்களில் ஸ்ரீ மிருதங்கத்தை உருவாக்கியது பற்றியும் அன்று பேச்சு வந்தது. அங்கே தீர்க்க வேண்டியிருந்தது இதைவிடக் கடினமான கணக்கு, ஏனென்றால் மேற்சுரங்களைச் சுரமாகக் கூட்டும் வேலையும் செயற்கைத் தலையே செய்ய வேண்டும்.

ஃபிலிமும் முழுக்க நகராதது அல்ல. வெப்பம் 10 பாகை செல்சியஸ் ஏறினால் பாலியெஸ்டர் ஃபிலிம் 0.017 சதவீத அளவில் நீளும். ஈரப்பதம் 30 புள்ளி மாறினாலும் ஏறத்தாழ அதே அளவு. கேட்க அற்பமாகத் தோன்றும் இந்த எண், ஏற்கெனவே ஒரு சதவீதத்துக்கும் குறைவாகவே இழுத்துக் கட்டப்பட்ட ஹெட்டில் அவ்வளவு அற்பம் அல்ல. வெயிலில் வைத்த பிளாஸ்டிக் ஹெட் தளர்வதை மேடைக்காரர்கள் அறிவார்கள். ஆனால் ஏ.சி. அறைக்குள் அந்த நகர்வு ஒட்டிய இடத்தில் கேட்கும் அளவுக்கு வரவில்லை. தோலின் நகர்வோ கீயை எடுத்துத் திருத்தியே ஆக வேண்டிய அளவில் இருந்தது. ஒவ்வொரு டேக்குக்கும் முன்பு பதிவு செய்து வைத்த ஓர் அடியைப் போட்டு, அதற்கு ஒப்பச் சுருதி கூட்டுவது என்று ஒரு வழி சொன்னேன். இசையமைப்பாளர் கடிகாரத்தைப் பார்த்தார்.

முடிவு

ஸ்நேருக்கு இழை ஒட்டிய மெல்லிய ஹெட்டும் பேஸ் டிரம்முக்கு நடுத்தர எடையும் என்று முடிவாயிற்று. எல்லாப் பாடல்களும் அவற்றிலேயே பதிவாயின. கன்றுத்தோலில் எடுத்த முதல் டேக் எங்கும் பயன்படவில்லை. அது மற்றவற்றைவிட நன்றாக இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஓசையில் இருந்த இடைவெளி சிறியது, கையில் இருந்தது கொஞ்சம் பெரியது, வானிலையில் இருந்தது கடக்க முடியாதது. ஒரே மூச்சில், ஒட்டு வேலை இல்லாமல், ஒரே அறையில் முழுப் பாட்டையும் வாசித்து முடிக்கும் பதிவாக இருந்தால் நான் தோலையே பரிந்துரைத்திருப்பேன். விலை பல மடங்கு என்பதும், கன்றின் தோல் என்பதாலேயே வேண்டாம் என்பவர்கள் உண்டு என்பதும் தனிக் காரணங்கள். இந்தக் கூடத்தில் அவை முடிவைத் தீர்மானிக்கவில்லை.

பதிவு முடிந்தபின் ஸ்நேர் ஹெட்டைக் கழற்றிப் பார்த்தபோது ஒரு குறை தெரிந்தது. பிரஷ் அதிகம் சுழன்ற நடுவட்டத்தில் துணியின் இழைகள் சில எழுந்து பஞ்சு போல் நின்றன. பிரஷ்ஷின் கம்பி நுனிகள் அதில் சிக்கி ஒன்றிரண்டு இழைகளை வெளியே இழுத்திருந்தன. கடைசி நாள் பதிவுகளில் உரசல் ஓசை முதல் நாளைவிடச் சற்றே மந்தமானதற்கு அது காரணமாக இருக்கலாம். பூச்சுள்ள ஹெட்டில் பூச்சு தேய்ந்து வழுவழுப்பாகும்; இதில் மேற்பரப்பு நார்நாராகும். நீண்ட பதிவுக்கு இரண்டாவது ஹெட் ஒன்றைக் கையில் வைத்திருப்பது நல்லது; நடுவில் மாற்ற நேர்ந்தால் முன்பே சில மணிநேரம் வாசித்துப் பழக்கிய ஹெட்டாக அது இருக்க வேண்டும்.

ஸ்நேரின் கீழ்ப்பக்கத்தை நாங்கள் தொடவில்லை. தோல் காலத்தில் அங்கே மிக மெல்லிய தோலும் அதன் மேல் விலங்குக் குடலாலான நரம்பு இழைகளும் இருக்கும், இன்று 0.075 மி.மீ. தடிமனுள்ள ஃபிலிமும் எஃகுச் சுருள் கம்பிகளும் இருக்கின்றன. செயற்கைக் கன்றுத்தோலைச் செய்பவர்களின் கவனம் பெரும்பாலும் குச்சி படும் மேல்பக்கத்தின் மேல்தான். மேலே எவ்வளவு பழைய ஓசையைக் கொண்டுவந்தாலும் கீழே கம்பிகள் இன்றைய வேகத்தில் படபடக்கின்றன. பிரஷ் பாடல்களில் கம்பியைத் தளர்த்தி வைத்ததால் அது வெளியே தெரியவில்லை. இறுக்கி வாசித்த ஒரு வேகப் பாடலில் தெரிந்தது. அதற்கு மேல் ஹெட்டை மாற்றுவதால் பயன் இருந்திருக்காது. அடுத்து இத்தகைய பதிவு வந்தால் கீழ்ப்பக்கத்திலிருந்தே தொடங்குவதாக ஒலிப்பதிவாளரும் நானும் பேசி வைத்திருக்கிறோம்.